முந்நூற்றுப் பன்னிரண்டு ‘இல்லை’

“கோட் முழுசையும் வெளிய போடணும். யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும், திருத்தட்டும், அவங்க ஊர்ல வச்சு ஓட்டட்டும். இன்னிக்கே முடிவு சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். மகாலிங்கம் சேர் கூட்டக் குறிப்புப் புத்தகத்தின் மேல் பேனையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் இருபது வருஷமாகக் கணிதம் படிப்பிக்கிறவர், மன்றத்தின் செயலாளர். அன்று காலையில்கூடப் படியில் என்னை மறித்து, “பிள்ளை, எதையும் கேளும். உந்தக் கோட் விஷயத்தை மட்டும் கூட்டத்தில கேக்காதையும்” என்று சொல்லியிருந்தார். போன கூட்டத்துக்கு முன்னாலும் அதையேதான் சொன்னார். அப்போது வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதற்கு இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

“எந்தக் கோடு புள்ள? லயத்துக் கோடா?” என்று கேட்டார் வீரம்மா பெரியம்மா. முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நிர்வாகக் குழுவில் என்னைத் தவிர இருக்கும் ஒரே பெண்.

“அந்தக் கோடு இல்ல பெரியம்மா. நம்ம வெப்சைட்டு எப்பிடித் தேடணும், எதக் காட்டணும்னு கம்ப்யூட்டருக்கு நான் எழுதி வச்சிருக்கிற கட்டளை.”

“அப்ப அதுக்கு நீதான் கங்காணின்னு சொல்லு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிவசாமி சிரிக்கவில்லை. அவருடைய ஹாட்வெயார் கடையின் மாடியில்தான் மன்றம் நடக்கிறது. நாற்காலியும் அவருடையது, மின்விசிறியும் அவருடையது, நான் வேலை செய்யும் கம்ப்யூட்டரும் அவருடையது.

இரண்டாயிரத்து ஏழு மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை. வெப்சைட் தொடங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. பெயர் மலையுறவு. செய்கிற வேலை ஒன்றே ஒன்று. இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத்துச் சனத்தையும் இங்கே தங்கிப்போனவர்களையும் தேடிச் சேர்ப்பது. அக்கா இங்கே, தங்கச்சி நீலகிரியில். அப்பன் இங்கே, மகன் கொடைக்கானலில். முதலில் கடிதம் வரும், பிறகு பொங்கலுக்கு மட்டும் வரும், எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோகும். இப்படி எத்தனையோ குடும்பம். பெயர், அப்பா பெயர், தோட்டம், புறப்பட்டுப்போன வருஷம், இந்த நாலையும் கொடுத்தால் வெப்சைட் மறுபக்கத்தில் தங்கள் பெயரைப் பதிந்தவர்களின் பட்டியலில் தேடும். நான் கம்பஸில் கடைசி வருஷத்துக்காகச் செய்த வேலை அது. பட்டம் வாங்கிக்கொண்டு வந்து அதையே மன்றத்துக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பட்டம் வாங்கின நாளிலிருந்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது என் மடியில் வந்து விழும் என்பதற்காகச் சொல்கிறேன்.

“இந்தா பாரு நிலக்ஷி,” என்றார் தலைவர். “என் கடைச் சாவியக் கொண்டுபோய் எதுத்த கடக்காரன் கையில குடுத்து, ஒனக்கும் ஒரு கட வேணும்ல, வச்சுக்கடாம்பேனா நானு?”

“சாவி யாரும் கேக்கல தலைவரே. கூடலூர்ல அழகுமுத்துன்னு ஒருத்தரு ஜெராக்ஸ் கட வச்சிருக்காரு. அவரோட அப்பா அம்மா இறம்பொடப் பக்கத்துல இருந்து போனவங்க. அங்க உள்ள நம்ம சனத்தோட பேரெல்லாம் வீடு வீடாப் போயி பன்னெண்டு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. நம்ம கோடக் குடுத்தா அங்கயே ஒரு மெசின்ல ஏத்தி, ரெண்டு பக்கமும் சேந்து தேடலாம்கிறாரு. மூணு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

“நோட்ட இங்க அனுப்பச் சொல்லு. நாம ஏத்துவோம்.”

“பன்னெண்டு நோட்டும் அவரு சனத்தோட பேரு. நீங்க உங்க நோட்ட அங்க அனுப்புவீங்களா?”

தலைவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டாயிரம் பெயரை அவரும் மகாலிங்கம் சேரும்தான் வேன் பிடித்துத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்தார்கள். ஆனால் தேட வேண்டுமென்றால் எல்லோரும் இந்த மாடிக்கு வர வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்தார். வட்டகொடையிலிருந்து கோச்சி ரயில் பிடித்து வருவார்கள். பொல்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்கள். வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து வந்து என் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என் அப்பா முப்பத்தொரு வருஷம் பெரட்டுக்களத்தில் நின்றவர். தன் பெயருக்கு நேரே, வேலைநாள் பதியும் செக்ரோல் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. புத்தகத்தைக் காட்டச் சொன்னவனுக்கு மறுநாள் அட்டை மொய்க்கும் மேட்டு மலையில் வேலை விழும். அதனால் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஆளே ஒரு புத்தகத்தை உண்டாக்கி, அதையும் மூடி வைத்துக்கொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

“சரி, அத விடு,” தலைவர் முன்னால் சாய்ந்தார். “நாட்டு நெலம தெரியும்ல? கொழும்புல லொட்ஜில தங்குற நம்ம பொடியன்களப் புலின்னு சொல்லிப் புடிச்சு வண்டியில ஏத்துறாங்க. ஐடென்டிகாட்ல ஹட்டன்னு இருந்தாலும் விடுறதில்ல. இந்த நேரத்துல யாரு எந்தத் தோட்டம், யாருக்கு யாரு சொந்தம், எல்லாத்தையும் ஒலகத்துக்குத் தொறந்து விடச் சொல்றியா?”

அன்று அவர் கேட்டதில் சரியான கேள்வி அது ஒன்றுதான். நானும் மூன்று மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“பேரு ஒன்னுகூடப் போகாது. பேருங்க வேற எடத்துல இருக்கு, கோட் வேற எடத்துல இருக்கு. கோடுக்குள்ள எங்கயாவது ஒரு மனுசன் பேரு கெடக்கான்னு பக்கம் பக்கமாப் பாத்துட்டேன். இல்ல.”

“அப்ப சல்லடையத்தான் குடுக்குற. மாவக் குடுக்கல,” என்றார் பெரியம்மா.

“ஆமா பெரியம்மா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? கோடுங்குற, கட்டளங்குற.”

இதோடு நிறுத்தியிருந்தால் கூட்டம் என் பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். ஆனால் நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் சம்மதம் வாங்கினால் அது திருட்டுச் சம்மதம். பத்து நாளாக அதை வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

“இன்னொன்னும் சொல்லணும். தேடுற பகுதிய மட்டும், பதினோரு பக்கம், நான் அழகுமுத்துக்கு ஏற்கனவே அனுப்பிட்டேன். யாருகிட்டயும் கேக்கல.”

“பாத்தீங்களா!” தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“இருங்க. அனுப்பி ரெண்டாவது நாளே போன் கோல் எடுத்தாரு. அதுல ஒரு பெரிய பிழை இருக்குன்னாரு. பிழை என்னோடது.”

அந்தப் பிழையை இங்கேயும் எழுதுகிறேன். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும். அது கம்பனிக்காரனுக்கும் தபால்காரனுக்கும். எங்கள் சனம் வாயில் வைத்திருப்பது தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் கோடில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதன் தமிழ்ப் பெயரைச் சேர்த்திருந்தேன். கம்பஸில் அதற்காகத்தான் என்னைப் பாராட்டினார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒரே ஒரு தமிழ்ப் பெயர். அதனால் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பெரிய தோட்டங்களில் மேல் பிரிவான மேக்கணக்குச் சனம் ஒரு பெயர் சொல்வார்கள், கீழ்ப் பிரிவான கீக்கணக்குச் சனம் வேறு பெயர் சொல்வார்கள் என்பது, கொழுந்துக்கூடை சுமந்து வளர்ந்த எனக்கு, தோன்றவே இல்லை. அழகுமுத்து போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒங்க அலமாரி சோக்கா இருக்குங்க. ஆனா ஒரு தட்டுக்கு ஒரு பேருதான் ஒட்ட முடியுது. ரெண்டாவது பேர ஒட்டுனா மொதப் பேரு கிழிஞ்சு கீழ விழுந்துருது.” கூடலூரில் ஒரே தோட்டத்திலிருந்து போனவர்கள் இரண்டு பெயர் சொல்லிச் சண்டை போடுவதை அவர் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். அதனால்தான் பார்த்தவுடனே அவருக்குப் பிடிபட்டது. நானாக இருந்தால் இன்னும் பத்து வருஷம் பார்த்திருப்பேன், கண்ணில் பட்டிருக்காது.

“கீழ விழுந்த பேரச் சொல்லித் தேடுன எல்லாருக்கும் நாம ‘இல்ல’ன்னு சொல்லியிருக்கோம்,” என்றேன். “எண்ணிப் பாத்தேன். முந்நூத்திப் பன்னெண்டு பேரு.”

பெரியம்மா முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என்னையும் சேத்தா?”

“ஒங்களையும் சேத்து.”

பெரியம்மா தேடுவது ராக்காயியை. கூடப் பிறந்த தங்கச்சி. எழுபத்தாறில், பதினெட்டு வயதில், புருஷனோடு கோச்சி ஏறினவர். வட்டகொடைப் பக்கத்தில் ஆர்டன்மூர் என்று ஆங்கிலத்தில் எழுதுகிற தோட்டம். மேக்கணக்குக்காரர்கள் அதைப் பாறைத்தோட்டம் என்பார்கள், கீக்கணக்குக்காரர்கள் பாலத்தடித் தோட்டம் என்பார்கள். பெரியம்மா குடும்பம் மேக்கணக்கு. நான் முதலில் பாறைத்தோட்டத்தைச் சேர்த்திருந்தேன். பிறகு யாரோ பாலத்தடி என்று சொல்ல அதையும் சேர்த்தேன். அந்த நிமிஷமே பாறைத்தோட்டம் கோடிலிருந்து காணாமல் போயிருக்கிறது. நான்கு தடவை பெரியம்மா என் மேசைக்கு முன்னால் வந்தார். நான்கு தடவையும் நான்தான் என் வாயால், “அந்தப் பக்கம் அப்பிடி யாரும் இல்ல பெரியம்மா” என்றேன். நான்காவது தடவை கொஞ்சம் எரிச்சலோடும் சொன்னேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

“போன ஆடியில,” பெரியம்மா மெதுவாகத்தான் ஆரம்பித்தார், “அவளுக்குக் காரியம் பண்ணிறலாமான்னு பூசாரிகிட்டக் கேட்டேன்டி. படிச்ச புள்ள மெசினுல பாத்துச் சொல்லுது, இல்லைன்னு. அப்ப இல்லதானே? கல்லு வாங்க ஆளுகூடச் சொல்லியாச்சு. எம்மகன்தான், பொணத்தப் பாக்காம என்னா காரியம்னு தடுத்தான். உசுரோட இருக்கிறவளுக்கு நான் கருமாதி வச்சிருந்தேன்னா? சொல்லுடி!”

“மன்னிச்சிருங்க” என்று சொன்னேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே தெரிந்தது.

தலைவருக்கு இது போதுமாக இருந்தது. “இதத்தான் நான் சொல்ல வந்தேன்! இத்தன பிழைய வச்சுக்கிட்டு வெளிய போடணுமாம். கண்டவனும் தொறந்து பாத்துத் தோட்டக்காட்டான் எழுதுன லட்சணத்தப் பாருடாம்பான். நம்ம மானம் போகும். உள்ளுக்குள்ளயே திருத்து. ஒருத்தருக்கும் தெரிய வேணாம். எங்கப்பனுக்கு இந்த டவுன்ல ஒருத்தன் நாற்காலி போட்டதில்ல தெரியுமா? இன்னிக்கு எம்படியில நூறு பேரு ஏறுறான், மரியாதையா ஏறுறான். அத ஒடைச்சுறாத.”

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. அதற்காக எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் கோபமும் போகவில்லை.

“பூட்டி வச்சதுனாலதான் பதினாலு மாசம் ஒருத்தருக்கும் தெரியல தலைவரே. வெளியாளு ஒருத்தரு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சாரு. சிரிச்சாருதான். சிரிச்சுட்டுத் திருத்தியும் குடுத்தாரு. நேத்து மத்தியானம் அந்த முந்நூத்திப் பன்னெண்டையும் திரும்ப ஓட்டுனேன். நாப்பத்தொரு பேருக்கு ஆளு கெடைச்சிருக்கு.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் யார், எந்தத் தோட்டம், சொல்லியாச்சா என்று. பெரியம்மா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நானும் பார்த்தேன்.

“இன்னும் கெடைக்கல பெரியம்மா. நாப்பத்தொன்னுல ராக்காயி சின்னம்மா இல்ல. அழகுமுத்தோட பன்னெண்டு நோட்டும் இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறல. அதுல இருக்கலாம். இல்லாமலும் போகலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

பெரியம்மா கண்ணை மூடி மூச்சை விட்டார். நீளமான மூச்சு. முதுகிலிருந்து கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த மாதிரி தோள் இரண்டும் கீழே இறங்கியது.

“அப்ப ‘இல்ல’ இல்ல. ‘இன்னும் பாக்கல’. அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்.”

“அது போதும்டி எனக்கு. ஒரு வருசமா செத்தவளுக்கு அழுவுறதா, இருக்கிறவளுக்கு அழுவுறதான்னு தெரியாமக் கெடந்தேன்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினார். “சிவசாமித் தம்பி, சல்லடையக் குடுத்துரு. அங்கிட்டும் சலிக்கட்டும்.”

“அக்கா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. இது மன்றத்தோட சொத்து. அடுத்த கூட்டத்துல பாப்போம்.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“ரெண்டு மாசம் கழிச்சு.”

“ரெண்டு மாசத்துல எனக்கே காரியம் பண்ண வேண்டி வந்தா?”

யாரோ சிரித்தார்கள். தலைவர் மேசையில் தட்டினார். “முடிவு, இல்லை. சேர், எழுதிக்கொள்ளுங்க. கோட் வெளிய போகாது.”

மகாலிங்கம் சேர் அப்போதுதான் வாயைத் திறந்தார். பெருமூச்சோடு என் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: “இதுக்குத்தான் பிள்ளை கேக்காதையும் எண்டனான். கேட்டால் அவையள் இல்லை எண்டுவினம், நான் அதை எழுதவேணும். கேளாமல் செய்திருந்தீர் எண்டால் எழுத ஒண்டுமே இருந்திராது.”

நான் அவரைக் கோழை என்று நினைத்திருந்தேன். போன கூட்டத்திலிருந்தே எனக்கு வழி காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனாலும் அந்த வழி எனக்கு வேண்டாம். பதினோரு பக்கத்தைக் கேளாமல் அனுப்பிவிட்டுப் பத்து நாள் பட்ட பாடு போதும்.

“எழுதுங்க சேர். நான் கேட்டேன்னு எழுதுங்க. இவங்க இல்லைன்னாங்கன்னும் எழுதுங்க. பிழை யாரோடதுன்னும் பேரு போட்டு எழுதுங்க. அதுக்குக் கீழ, மீறித்தான் போடப் போறேன்னு சொல்லிட்டுப் போனாள்னும் எழுதுங்க.”

“போட்டீன்னா இந்த மன்றத்துல ஒனக்கு எடமில்ல,” என்றார் தலைவர்.

“தெரியும்.”

“எங்கம்ப்யூட்டர்ல எழுதுனது அது!”

“பாதிதான் உங்க கம்ப்யூட்டர்ல. மீதி கம்பஸ்ல. முழுசும் என் கையி. கோட் மன்றத்துக்குன்னு நான் எங்கயும் கையெழுத்துப் போடல, சேர்கிட்டக் கேளுங்க. பேருங்க உங்களது. அதுல ஒரு எழுத்தக்கூட நான் எடுத்துக்கிட்டுப் போகல.”

பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். வெப்சைட்டின் கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதையும் வைத்தேன். கிடைத்த நாற்பத்தொரு பேரின் விபரத்தை மகாலிங்கம் சேரிடம் நீட்டினேன். “நாளைக்கே இவங்களுக்குச் சொல்லிருங்க சேர். வாங்கில உக்கார வைக்காதீங்க, போன் எடுத்துச் சொல்லுங்க.” அவர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பெயரை வாசிக்கத் தொடங்கினார். தலைவர் இந்த முறை தடுக்கவில்லை. அவரும் எட்டிப் பார்த்தார். யாருக்கு ஆள் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருக்கத்தானே செய்யும், அந்தப் பெயர்களில் பாதியை எழுதியது அவர் கை.

பெரியம்மா கதவு வரைக்கும் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“கருமாதி வரைக்கும் என்னையக் கொண்டுபோயிட்டடி. அத நான் மறக்க மாட்டேன்.”

“மறக்காதீங்க பெரியம்மா.”

“சரி போ. கட மூடிறப் போறான்.”

படியில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இன்டர்நெட் இருக்கும் கொமினிகேஷன் கடையை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள், பன்னிரண்டரை ஆகியிருந்தது. நான் ஓடவில்லை. கோட் என் பென்டிரைவில் இருந்தது, திருத்தியபடி, அழகுமுத்து பெயரையும் பிழை என்னுடையது என்பதையும் முதல் வரியிலேயே எழுதி வைத்தபடி. ஏற்றுவதற்கு இருபது நிமிஷம் போதும். சந்தைக்கு வந்த சனம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது, எங்கேயோ ரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டது. பத்து நாளில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. நன்றாக, வயிறு இழுக்கிற மாதிரிப் பசித்தது. முதலில் அந்த வேலை, பிறகு சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன்.